கடல்மீன் தொட்டியில் பிஎச் குறைந்தால் முதலில் காற்றைக் கவனியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வரிசை வீடுகளில் கடல்மீன் தொட்டி வைத்திருப்போர் பலர், நீரின் அமில-கார நிலையைக் காட்டும் பிஎச் அளவு 7.8-க்குக் கீழே இறங்கியதும் கடையில் மருந்து வாங்கி ஊற்றுகிறார்கள். மாலையில் ஏறிய அளவு மறுநாள் காலை பழையபடி இறங்கிவிடுகிறது. பெரும்பாலும் காரணம் அறைக்காற்றுதான். ஏர்கோன் போட்டு அடைத்த வீட்டில் நாம் விடும் மூச்சால் கரியமில வாயு சேர்ந்து, நீரில் கரைந்து பிஎச்சை இறக்குகிறது. புகைமூட்ட நாள்களில் ஜன்னலைச் சாத்தி வைத்தாலும் இதே கதைதான்.

சோதிப்பது எளிது. ஒரு குவளைத் தொட்டிநீரின் பிஎச்சை அளந்து, வீட்டுக்கு வெளியே வைத்து, காற்று பம்பால் ஒரு மணி நேரம் குமிழி விட்டு மறுபடி அளக்கவும். இன்னொரு குவளையை வீட்டுக்குள் அப்படியே செய்யவும். வெளியே மட்டும் 0.1-க்கு மேல் ஏறினால் அறைக்காற்றே குற்றவாளி. இரண்டிலும் ஏறினால் தொட்டியில் நீர்ப்பரப்பு போதிய அளவு அசையவில்லை. இரண்டிலும் ஏறாவிட்டால் காரத்தன்மையை (பிஎச் இறங்காமல் தாங்கும் கார உப்புகளின் அளவை) அளக்கவும். அது, அதற்கான அலகான டிகேஎச்சில், 7 முதல் 11-க்குள் இருக்க வேண்டும். குறைந்திருந்தால் 100 லிட்டருக்கு 3 கிராம் ஆப்பச்சோடா 1 டிகேஎச் உயர்த்தும். ஒரு நாளில் அதற்கு மேல் வேண்டாம். ஆனால் ஆப்பச்சோடா பிஎச்சை உடனே ஏற்றாது, போட்டவுடன் சற்று இறக்கவும் செய்யும்.

காற்றுதான் காரணம் என்றால் ஸ்கிம்மரின் (குமிழி விட்டு அழுக்கை நுரையாகப் பிரிக்கும் கருவியின்) காற்றுக் குழாயை ஜன்னல் வழியே வெளியே நீட்டுங்கள். பல வீடுகளுக்கு இதுவே போதும். சம்ப்பில் (தொட்டியோடு இணைந்த துணைத் தொட்டியில்) சீட்டோ என்ற கடற்பாசி வளர்த்து, தொட்டி விளக்கு அணைந்த பிறகு அதற்கு விளக்கு போட்டால், அது கரியமில வாயுவை உறிஞ்சுவதால் பிஎச்சின் இரவு இறக்கமும் குறையும். பவள மணல் பிஎச்சை ஏற்றும் என்று நம்பிக் கொட்ட வேண்டாம். 8-ஐ ஒட்டிய நீரில் அது கரையவே கரையாது.

சுண்ணாம்பு நீரும் நல்ல வழி. ஆனால் வெற்றிலைச் சுண்ணாம்பு கூடாது, அதன் கலப்பு நமக்குத் தெரியாது. சுத்தமான கால்சியம் ஹைட்ராக்சைடு 1.5 கிராமை ஒரு லிட்டர் ஆர்ஓ (சவ்வால் வடிகட்டிய) நீரில் கலக்கி, மூடி, தெளியவிட்டு, தெளிவை மட்டும் எடுங்கள். ஆவியான நீருக்கு ஈடாக இரவில் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். மொத்தமாக ஊற்றினால் பிஎச் ஒரேயடியாகத் தாவி, நீர் பால்போல் வெளுத்து, மீன்கள் சாகவும் கூடும். சுண்ணாம்பு நீரின் பிஎச் 12-க்கு மேல். கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

தோட்டத்தை ஒட்டிய வீட்டுக்காரர்களுக்கு ஒன்று: களைக்கொல்லி அடிக்கும்போதும், ஏடிஸ் கொசுவுக்குப் புகை போடும்போதும் வெளிக்குழாயை உள்ளே இழுத்துவிடுங்கள். கொசு மருந்து சிறிது போனாலும் இறால்கள்தான் முதலில் சாகும்.

இப்படிக்கு,
கடல்மீன் வளர்ப்போர் சிலர்,
சுங்கை சிப்புட், பேராக்