தாராவி மக்களுக்கும் மரம் தெரியும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் நகர்ப்புறக் காடுகளைப் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். மும்பையின் போரிவிலி தேசியப் பூங்கா குறித்தும் ஆரே காட்டுப் பகுதி குறித்தும் கட்டுரையாளர் எழுதியிருப்பவற்றோடு எனக்குப் பிணக்கில்லை. ஆனால், தாராவி போன்ற இடங்களில் வளரும் பிள்ளைகளுக்கு முதலில் இயற்கையின்மீது மதிப்பை உண்டாக்க வேண்டும் என்ற ஒரு வரி, இப்பகுதித் தமிழ்ப் பள்ளியில் பல்லாண்டுகள் பாடம் நடத்திய என்னை மிகவும் வருத்திவிட்டது.

தாராவியை அடுத்து, மித்தி ஆற்றங்கரையில், மகாராஷ்டிரா இயற்கைப் பூங்கா இருப்பதைத் தாங்கள் அறியாதவரல்லர். 37 ஏக்கர் பரப்புள்ள அந்தக் காடு, 1970களில் இந்நகரத்தின் குப்பை வந்து குவிந்த மேடு. பறவையியல் அறிஞர் சாலிம் அலி 1983-இல் மரம் நடும் பணியைத் தொடங்கி வைத்தார். 1994-இல் அது பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. அந்தக் குப்பையோடு வாழ்ந்தவர்கள் நாங்கள்; அதைக் கொண்டுவந்து கொட்டியது நகரம். மித்தியின் கதையும் இதுதான். விகார், பவாய் ஏரிகளின் உபரி நீராகப் புறப்படும் ஆறு, வழியெங்கும் ஆலைக் கழிவையும் சாக்கடையையும் சுமந்துகொண்டு எங்களிடம் வந்து சேர்கிறது. அதன் கரையிலிருந்த சதுப்பு நிலத்தைத் தூர்த்து பாந்த்ரா–குர்லா வணிக வளாகத்தின் கண்ணாடிக் கட்டடங்களை எழுப்பியவர்களும் தாராவிக்காரர்கள் அல்லர். 2005 ஜூலை 26-இல் இந்நகரின் சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பெய்தபோது, எங்கள் தெருப் பெண்கள் இடுப்பளவு தண்ணீரில் பிள்ளைகளைத் தோளில் சுமந்து நின்றார்கள். மதிப்பை யாருக்குக் கற்பிக்க வேண்டும் என்பதைத் தாங்களே சொல்லுங்கள்.

ஒருமுறை மாணவர்களை அந்தப் பூங்காவுக்கு அழைத்துச் சென்றபோது, துணைக்கு வந்த திருநெல்வேலிப் பக்கத்துப் பாட்டி ஒருவர் ஆடாதோடையையும் கீழாநெல்லியையும் இனம் காட்டி, எந்த இலை எந்த நோய்க்கு என்று விளக்கினார். வானம் பொய்த்து மானாவாரி நிலத்தை விட்டு இங்கு வந்தவர்களின் பிள்ளைகள் இவர்கள். ஓர் ஆள் படுக்க இடமில்லாத வீட்டிலும் எண்ணெய்த் தகரத்தில் கறிவேப்பிலை வளர்ப்பவர்கள். ஆனால் நகரின் வேறொரு பூங்காவுக்கு இதே மாணவர்களோடு போனபோது, எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டறிந்த காவலாளி, நாங்கள் வெளியேறும்வரை பின்னாலேயே நடந்து வந்தார். அன்று ஒரு சிறுமி, நாம் எதையாவது எடுத்துவிடுவோம் என்று நினைக்கிறாரா டீச்சர் என்று கேட்டாள். அவளுக்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை.

எங்கள் பிள்ளைகளுக்கும் அந்தக் காட்டுக்கும் நடுவே இருப்பது வாகனங்கள் ஓயாத சயான்–பாந்த்ரா இணைப்புச் சாலைதான். சிறுவர்களை வரிசையாக நிறுத்தி அதைக் கடப்பதற்குள் உயிர் போய் உயிர் வரும். அடுத்த இதழில் அந்த வரிக்கு ஒரு திருத்தம் வெளியிடுமாறும், விடுமுறை நாள்களிலேனும் பூங்கா வாசலுக்கு எதிரே ஒரு போக்குவரத்துக் காவலரை நிறுத்த வேண்டும் என்று தங்கள் இதழ் வழியாக வலியுறுத்துமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை,
தாராவி, மும்பை