தத்துவம் படிக்க ஆசைப்படும் அண்ணன் மகளுக்கு

அன்புள்ள பாப்பா,

எஸ்டிபிஎம் தேர்வு முடித்த கையோடு தத்துவம் படிக்கப் போகிறேன் என்று நீ சொன்னதில் சுங்கை சிப்புட்டில் உங்கள் வீடே ஆடிப்போயிருக்கிறதாம். "சைக்காலஜின்னாக்கூட ஆஸ்பத்திரியில வேலை கிடைக்கும், இது எதுக்கு?" என்கிறார் அண்ணன். அவர் கவலை நியாயமானதுதான். ஆனால் இந்த இரண்டையும் சேர்த்தே பிடித்துக்கொண்டு போன ஒரு பெண்ணைப் பற்றி நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

பெண்ணியத் தத்துவவாதி ல்யூஸ் இரிகரே பெல்ஜியத்தில் பிறந்தவர். லூவேனில் படித்து, பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு, பாரிஸ் போய் 1960களின் தொடக்கத்தில் உளவியல் படித்தார். அப்புறம் மொழியியல். நினைவு தடுமாறும் முதியவர்கள் வாக்கியத்தை எங்கே விடுகிறார்கள், எதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள் என்று அவர்களுடைய பேச்சை வைத்தே ஆராய்ந்தார். அது 1973இல் நூலாக வந்தது. அவரிடம் எனக்கு மிகவும் பிடித்தது இந்தக் காதுதான்.

அதே காதோடு, உளப்பகுப்பாய்வைத் தொடங்கிவைத்த ஃபிராய்டையும் படித்தார். பெண்மை பற்றி 1933இல் வெளியான விரிவுரையில் ஃபிராய்ட், இந்தப் புதிரோடு ஆண்கள் மல்லுக்கட்டியிருப்பீர்கள், பெண்களுக்கு அந்தச் சிரமம் இல்லை, புதிரே நீங்கள்தானே என்கிற பொருளில் பேசுகிறார். இரிகரே 1974இல் எழுதிய 'ஸ்பெகுலம்' என்ற நூல் அந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது. ஃபிராய்டோடு நிற்காமல் பின்னால் பின்னால் போய், கிரேக்கத் தத்துவஞானி பிளேட்டோ சொன்ன குகை உவமையில் முடிகிறது. மருத்துவரின் அறையில் நடப்பதற்கு வேர் தத்துவத்தில் இருக்கிறது என்று அவர் நம்பினார். நானும் நம்புகிறேன்.

உன் பாட்டியையே எடுத்துக்கொள். ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிய காலத்தில், நெஞ்சு படபடக்கிறது என்று தோட்டத்து மருத்துவ உதவியாளரான டிரெஸரிடம் போனால், அவர் தாத்தாவைப் பார்த்துத்தான் கேட்பார்: "எத்தனை நாளா இருக்கு? ராத்திரி தூங்குதா?" தாத்தாவும் பதில் சொல்வார். பாட்டி முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டு நிற்பார். வெள்ளை மாத்திரை வரும், திரும்பிவிடுவோம். நோயாளி ஒரு வார்த்தை பேசவில்லை என்பது அங்கே யாருக்கும் உறைக்கவில்லை. டிரெஸர் நல்ல மனிதர்தான், தாத்தாவும் பாசக்காரர்தான். அதனால்தான் இதற்கு உளவியல் மட்டும் போதாது என்கிறேன். யாருடைய பேச்சு பேச்சாகக் கணக்கில் வருகிறது என்று கேட்கத் தத்துவம் வேண்டும்.

'ஸ்பெகுலம்' வந்த பிறகு பாரிஸின் வான்சென் பல்கலைக்கழகத்தில் இரிகரேயின் ஆசிரியப் பணி பறிபோனது. பிரான்ஸின் தேசிய ஆய்வு மையத்தில் ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். 1982இல் ராட்டர்டாமில் தத்துவ இருக்கையில் அமர்ந்து ஆற்றிய உரைகள் இன்னொரு நூலாயின. தன் சொந்த வாழ்க்கையைப் பற்றி மட்டும் அவர் அதிகம் பேசியதில்லை. அதை வைத்தே தன் எழுத்தை ஒதுக்கிவிடுவார்கள் என்ற எச்சரிக்கை.

அவரிடம் எனக்கு ஒரு பெரிய குறை உண்டு. 'பெண்' என்று அவர் எழுதும்போது விடிவதற்குள் வெட்டுக்காட்டில் நிற்கிறவள் எனக்குத் தெரிவதில்லை. கூலி, சாதி, நிறம் எல்லாம் ஓரமாகப் போய்விடுகின்றன. அதை எழுத நம் தோட்டத்துப் பிள்ளைகள்தான் வர வேண்டும். உன் ஆசையைக் கேட்டதும் எனக்கு அதுதான் தோன்றியது.

சரி, யுபியு பல்கலைக்கழக விண்ணப்பத்தில் உளவியலை முதலில் போடு. மலேசியத் தேசியப் பல்கலைக்கழகமான யுகேஎம்மில் அந்தப் படிப்பு இருக்கிறது. தத்துவத்தைக் கூடவே படி, மேற்படிப்பில் அதைப் பிடித்துக்கொள்ளலாம். இரிகரேயும் பாடம் மாறி மாறிப் படித்தவர்தான். அண்ணனிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அத்தை