மீதித்தொகையைப் பார்க்க நினைப்பது பிடிவாதமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிங்கப்பூர்ப் பேருந்துக் கட்டண அட்டைகளைப் பற்றிச் சென்ற வாரம் தாங்கள் வெளியிட்டிருந்த கட்டுரை விவரங்கள் நிறைந்த நல்ல கட்டுரைதான். ஆனால் பேருந்தில் உள்ள கருவியில் அட்டையைத் தட்டியதும் மீதித்தொகை அதன் திரையில் தெரிய வேண்டும் என்று கேட்பவர்கள், பழகியதை விட மனமில்லாத முதியவர்கள் என்ற பொருளில் அதில் ஒரு வரி இருந்தது. எனக்கு வயது 57. மூத்தோர் சலுகை அட்டைக்கு இன்னும் 3 ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். அதற்குள் என்னை முதியோர் பட்டியலில் சேர்த்துவிட்ட கட்டுரையாளரின் அவசரத்துக்கு நன்றி.

மாற்றத்தைக் கண்டு மிரளும் தலைமுறை அல்ல எங்களுடையது. சிங்கப்பூரில் 1973ல் மூன்று நிறுவனங்களை இணைத்து எஸ்பிஎஸ் என்ற பேருந்து நிறுவனம் உருவானபோது நான் சிறுமி. எழுத்தறியாத என் தாயார் சிவப்பும் வெள்ளையுமான அந்த வண்டிகளை நிறத்தை வைத்தே அடையாளம் கண்டுகொள்வார். பேருந்துக்கும் ரயிலுக்கும் ஒரே அட்டை வந்தபோது பழகிக்கொண்டோம். 2002ல் கருவியில் தட்டினாலே போதும் என்ற ஈசி-லிங்க் அட்டை வந்தபோதும் பழகிக்கொண்டோம். வண்டி மாறும்போதெல்லாம் கூடுதலாகக் கட்டணம் பிடித்த முறை போய், 2010ல் மொத்தத் தொலைவுக்கு மட்டும் கட்டணம் என்று ஆனது; அதைச் செய்தவர்களை இன்றும் மனதார வாழ்த்துகிறேன். இவற்றுக்கெல்லாம் யாரும் முணுமுணுக்கவில்லையே, திரையில் மீதித்தொகை காட்டுவதை நிறுத்துவதற்கு மட்டும் ஏன் இத்தனை எதிர்ப்பு என்று கட்டுரையாளர் ஒரு கணமாவது யோசித்திருக்கலாம்.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் வேலை முடிந்து திரும்பும் வழியில் இறங்கி, மருந்தகத்தில் மாத்திரை வாங்கிக்கொண்டு, 20 நிமிடத்தில் அதே எண்ணுள்ள அடுத்த பேருந்தில் ஏறினேன். 45 நிமிடத்துக்குள் ஏறினால் அது தொடர் பயணம், கட்டணம் ஒன்றாகவே கணக்கிடப்படும் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் இறங்கும்போது திரையில் முழுக் கட்டணம் தெரிந்தது. மறுநாள் விசாரித்த பிறகுதான், அடுத்தடுத்து ஒரே எண் பேருந்தில் ஏறினால் அது தொடர் பயணமாகக் கணக்கில் வராது என்று தெரிந்துகொண்டேன். விதி நியாயமா என்பது வேறு கேள்வி. அப்படியொரு விதி இருப்பதையே எனக்குச் சொன்னது அந்தச் சிறிய திரைதான். பயணியின் கையில் இருக்கும் ஒரே கணக்குப் புத்தகம் அது.

பிறகு, புதிய முறைக்கு மாறுவது எளிது என்று ஒருவர் சொன்னதைக் கேட்டு என் அட்டையை, கணக்கை அட்டையில் வைக்காமல் இணையத்தில் வைக்கும் சிம்ப்ளிகோ முறைக்கு மாற்றிக்கொண்டேன். அன்றிலிருந்து எவ்வளவு பிடித்தார்கள், எவ்வளவு மீதம் என்று தட்டும் கருவி சொல்வதில்லை. கைப்பேசிச் செயலியைத் திறந்து பார்த்துக்கொள்ள வேண்டும். மழை பெய்த ஒரு மாலையில், ஒரு கையில் குடையும் மறு கையில் காய்கறிப் பையுமாக ஏறியபோது, பணம் போதாதென்று கருவி என் அட்டையை மறுத்துவிட்டது. எனக்குப் பின்னால் பத்துப் பேர் நின்றார்கள். ஓட்டுநர் நல்ல மனிதர், போய் உட்காருங்கள் என்று கையசைத்தார். காசில்லாமல் ஏறியவள் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்களே என்ற கூச்சம் மட்டும் இறங்கும்வரை போகவில்லை.

2024 ஜனவரி 9ஆம் தேதி அரசாங்கம் இந்தச் சிம்ப்ளிகோ முறை எல்லா வயதுவந்தோர் அட்டைகளுக்கும் வரும் என்று அறிவித்து, 22ஆம் தேதி அந்த முடிவைக் கைவிட்டதையும், பழைய முறையைத் தொடர்வதற்குக் கூடுதலாக 40 மில்லியன் வெள்ளி (டாலர்) ஒதுக்கியதையும் தாங்கள் அறிவீர்கள். இரண்டே வாரத்தில் ஓர் அரசாங்கத்தையே மனம் மாற வைத்தது சில முதியவர்களின் பிடிவாதம்தான் என்றால், அந்த முதியவர்களைக் கட்டுரையாளர் சற்று மரியாதையுடன் நடத்தியிருக்கலாம். 2016ல் பேருந்துகளுக்கு எந்த நிறம் பூசலாம், சிவப்பா பச்சையா என்று மக்களிடம் வாக்கெடுத்தார்கள். பச்சை வென்றது. (நான் சிவப்புக்குப் போட்டேன், போகட்டும்.) எந்த நிறுவனம் ஓட்டினாலும் இப்போது வண்டிகள் பச்சைக்கு மாறி வருகின்றன. வண்டியின் நிறத்தைப் பற்றி நம்மைக் கேட்கத் தெரிந்தவர்களுக்கு, நம் பணம் பிடிக்கப்படுவதை நாம் பார்க்க வேண்டுமா என்று கேட்கத் தோன்றவில்லை.

நான் பழைய வகை அட்டைக்கே திரும்பிவிட்டேன். 2030 வரையிலாவது அது செல்லும் என்கிறார்கள். அதன்பின் என்ன என்பதைத் தங்கள் நிருபர் ஒருவர் உரியவர்களிடம் கேட்டு எழுதினால் நன்றியுடையவளாவேன்.

அதுவரை ஒரு சிறிய வேண்டுகோள். ஒரு பயணத்தில் 5 முறை வரை மாறலாம், ஒவ்வொரு மாற்றத்துக்கும் 45 நிமிடம், மொத்தம் 2 மணி நேரம், அடுத்தடுத்து ஒரே எண் பேருந்து கூடாது, பேருந்தைவிட்டு இறங்கும்போது தட்ட மறந்தால் தடத்தின் கடைசிவரைக்குமான கட்டணம் பிடிக்கப்படும் ஆகிய இவ்வளவையும் பெரிய எழுத்தில், தமிழில், வெட்டி எடுத்து வைத்துக்கொள்ளும்படி ஒரு கட்டத்தில் அச்சிடுங்கள். எங்கள் அடுக்குமாடி புளோக்கிலேயே நான்கு பேர் அதைக் கேட்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவருக்கு வயது 31.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி ஒருத்தி,
உட்லண்ட்ஸ்