பல்லி தின்னும் பூனைக்குக் காமாலை வந்தால்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

எங்கள் ஜெலுத்தோங் வட்டாரத்தில் ஒரு பூனை சோறு தொடாமல் படுத்து, கண்ணும் மஞ்சளித்துவிட்டால், "பல்லியைத் தின்னுடுச்சு, விஷம் ஏறிடுச்சு, இனி பிழைக்காது" என்று கைவிட்டுவிடுகிறார்கள். கீழ்மாடி அக்கா கீழாநெல்லி அரைத்துப் புகட்டிப் பார்த்தார்; அவர் பூனை போய்விட்டது. பல பூனைகளுக்கு இது விஷமல்ல, புழு. அதற்கு மருந்தும் இருக்கிறது.

என் செவலைக்கும் காதின் உள்பக்கமும் ஈறும் மஞ்சள் பூத்தன. இரவானால் சமையலறை விளக்கடியில் பல்லி பிடிப்பவன் அவன். அதைச் சொன்ன பிறகுதான் கால்நடை மருத்துவர் பித்தப்பையை ஸ்கேன் செய்து, மலத்தையும் சோதித்தார். புழுவின் முட்டைகள் தெரிந்தன.

பிளாட்டினோசோமம் என்ற தட்டைப்புழு அது. பூனையின் மலத்தோடு வெளியேறும் முட்டையை நத்தை தின்னும். நத்தையிடமிருந்து புழு, பூந்தொட்டிக்கு அடியில் ஈரத்தில் ஊரும் சாம்பல்நிறப் பூச்சிக்குப் போகும். அதைத் தின்ற பல்லியைப் பூனை தின்னும். பிறகு அந்தப் புழு பூனையின் பித்தக்குழாயில் குடியேறி அடைத்துக்கொள்ள, பித்தம் தேங்கி ஈரல் தழும்பேறுகிறது. புழு குறைவாக இருந்தால் வெளியே ஒன்றுமே தெரியாது. அதுதான் கொடுமை.

"நான்தான் பூச்சி மாத்திரை கொடுக்கிறேனே" என்பார்கள். நாடாப்புழுவுக்குக் கொடுக்கும் பிராசிகுவான்டெல் மருந்தேதான் இதற்கும்; ஆனால் அந்த அளவு போதாது. கிலோவுக்குச் சுமார் 20 மில்லிகிராம் வீதம், தொடர்ந்து 3 முதல் 5 நாள் கொடுக்கிறார்கள். எடை பார்த்து மருத்துவர்தான் கொடுக்க வேண்டும். தயவுசெய்து நீங்களாக மாத்திரையைக் கூட்டாதீர்கள். மனிதருக்கான பாராசிட்டமாலைக் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள், பூனைக்கு அது எமன். பூனை சில நாள் பட்டினி கிடந்தாலே ஈரலில் கொழுப்பு சேர்ந்துவிடும்; அதனால் "நாளைக்குப் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடவும் கூடாது.

செவலை இப்போது தேறிவருகிறான். பினாங்கு கால்நடை மருத்துவர்களிடம் ஒரு வேண்டுகோள்: காமாலையோடு வரும் பூனையைப் பார்த்தால், பல்லி பிடிக்குமா என்று முதலில் கேளுங்கள். வீட்டுக்காரர்களுக்கு அது சொல்ல வேண்டிய விஷயம் என்றே தெரிவதில்லை.

இன்னொன்று. பிள்ளைகளுக்கு ஒட்டிவிடும் என்று பயந்து நோயுற்ற பூனையை மார்க்கெட்டில் கொண்டுபோய் விடுகிறார்கள். தொடுவதாலோ மடியில் வைத்துக்கொள்வதாலோ இந்தப் புழு மனிதருக்கு வராது. பூனையை மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை,
ஜெலுத்தோங், பினாங்கு