எங்கள் வட்டாரச் சேவை மன்றத்தாருக்கு: பாட்டி பையில் வைத்த கடிதம்

அன்புள்ள தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம். போன மாதம் உங்கள் கூட்டத்துக்கு என்னை விருந்தினராக அழைத்தீர்கள். அடுத்த ஞாயிறு, வாடகை வீடுகள் உள்ள புளோக்கின் கீழ்த்தளத்தில் நீங்கள் நடத்திய கண் பரிசோதனைக்கும் வந்தேன். உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். ஒன்று கேட்கவும் வேண்டும்.

கூட்டத்தில் மணி அடித்ததும் நீண்ட பேச்சு இருக்கும் என்று நினைத்தேன். ஆனால் நீங்கள் பேசியதெல்லாம் எத்தனை மூக்குக்கண்ணாடி மிச்சம், சக்கர நாற்காலியில் வருபவருக்கு எந்தப் பக்கம் வழிவிடுவது என்பதுதான். ஞாயிறு காலை பார்த்தால், அன்று கணக்கு வாசித்தவரே மேசையைத் தோளில் தூக்கிக்கொண்டு வருகிறார். ஒரு சீனத் தாத்தா புதுக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மின்தூக்கிப் பக்கம் ஒட்டியிருந்த அறிவிப்பை வரிவிடாமல் வாசித்தார். அதைப் பார்த்து எல்லோரும் கைதட்டினோம். அந்த முகம் இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

அப்புறம் ஒரு தமிழ்ப் பாட்டி வந்தார். அவருக்குத் தமிழும், கடைத்தெருவில் பேசும் பாசார் மலாய் கொஞ்சமும்தான் தெரியும். பல வருடமாகச் சர்க்கரை நோய். சோதித்தவர் படிக்கக் கண்ணாடி கொடுத்துவிட்டு, பலதுறை மருந்தகத்துக்கு (அதாவது அரசாங்க பாலிகிளினிக்குக்கு) ஒரு கடிதமும் கொடுத்தார். தொண்டூழியப் பெண் பொறுமையாகத்தான் விளக்கினாள், ஆனால் ஆங்கிலத்தில். நான் தமிழில் சொன்னதும் பாட்டி கேட்டார்: “கண்ணாடிதான் குடுத்துட்டாங்களே, அப்புறம் எதுக்கும்மா ஆஸ்பத்திரி?” கடிதத்தை நாலாக மடித்து, நீங்கள் கொடுத்த அரிசிக்கும் பிஸ்கட்டுக்கும் நடுவில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அந்தக் கடிதம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. சர்க்கரை நோய் விழித்திரையின் மெல்லிய இரத்தக் குழாய்களைக் கெடுக்கும்போது ஆரம்பத்தில் வலியும் இருக்காது, பார்வையும் மங்காது. மங்கிய பிறகு கண்ணாடியை மாற்றிப் பயனில்லை. என் அப்பா அப்படித்தான் ‘பவர் ஏறிடுச்சு’ என்று சொல்லிச் சொல்லியே ஒரு கண்ணை இழந்தார். நீரிழிவுக்கு எதிரான போர் என்று சிங்கப்பூர் அரசாங்கம் 2016இல் அறிவித்தது. சீனர்களைவிட இந்தியர்களிடம் இந்த நோய் அதிகம் என்பதும் நமக்குத் தெரிந்ததே. விழித்திரையைப் படம் எடுத்துப் பார்க்கும் வசதி பலதுறை மருந்தகத்திலேயே இருக்கிறது. பாட்டி அங்கே போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான்.

விடுபட்டவர்களைத் தேடித் திரும்பப் போவது சேவை மன்றங்களுக்குப் புதிதும் அல்ல. ரோட்டரி அமைப்பு 1985இல் போலியோ ஒழிப்பைக் கையில் எடுத்தது. இந்தியாவில் சொட்டு மருந்து கொடுக்கப் போனவர்கள் வீட்டுச் சுவரில் குறி போட்டார்கள்: வேலை முடிந்த வீட்டுக்கு ‘பி’, குழந்தை விடுபட்ட வீட்டுக்கு ‘எக்ஸ்’. எக்ஸ் போட்ட வீட்டுக்குத் திரும்பப் போனார்கள். 2014இல் அந்த நாடு போலியோ இல்லாத நாடு என்று சான்று பெற்றதில், அப்படித் திரும்பப் போன கால்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

நம் புளோக்குகளிலும் அப்படிப்பட்ட வீடுகள் இருக்கின்றன. கடிதம் வாங்கியவர்களை இரண்டு வாரம் கழித்து அவரவர் மொழியில் தொலைபேசியில் கூப்பிட்டு, “போனீர்களா?” என்று கேளுங்கள். தனியாகப் போக முடியாதவருடன் ஒருவர் துணைக்குப் போகட்டும். தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் தடையாக இருக்குமோ என்று தயங்க வேண்டாம். பதிவு மேசையிலேயே சம்மதம் கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளலாம். கடிதத்தோடு நாலு வரித் தமிழ்க் குறிப்பும் வையுங்கள், மலாயிலும் சீனத்திலும் அப்படியே. இதற்காக அன்பளிப்புப் பையில் ஒரு பொருள் குறைந்தாலும் சரி, எனக்கு அதில் வருத்தமில்லை.

தமிழ்க் குறிப்பை நான் எழுதித் தருகிறேன். தமிழ் பேசும் முதியவர்களைக் கூப்பிடும் வேலையையும் என்னிடம் கொடுங்கள். என் மாடியில் இருக்கும் இரண்டு அக்காமார்களும் வருவதாகச் சொல்லிவிட்டார்கள். அந்தப் பாட்டியின் வீட்டுக்கு நேற்றுப் போனேன். கடிதம் அரிசி டின் மேலேதான் இருந்தது. வரும் செவ்வாய்க்கிழமை காலை நாங்கள் இருவரும் பலதுறை மருந்தகத்துக்குப் போகிறோம்.

அன்புடன்,
உங்கள் பக்கத்து புளோக்காரி