யாருடைய ஓட்டைப் பிரிப்பீர்கள்?

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. முட்டி வலி குறைந்து மறுபடி காலையில் நடக்கக் கிளம்பிவிட்டாய் என்று படித்ததும் மனசுக்கு நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். மகளுக்கு வேலை மாற்றல் வந்திருக்கிறது, அடுத்த மாதம் வீடு மாறுகிறாள். அந்த அலைச்சலில்தான் பதில் தாமதமாகிவிட்டது.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். மூன்று சதவீதம் வாங்கும் கட்சிக்கும் ஆட்சியைப் பிடிக்கப் போகும் கட்சிக்கும் தொலைக்காட்சியில் ஒரே அளவு நேரம் கொடுப்பது நியாயமா என்று கேட்டிருந்தாய். நிமிடத்துக்கு நிமிடம் சமமாக இருக்க வேண்டும் என்று நானும் சொல்ல மாட்டேன். நாளை ஆளப் போகிறவர்களை நிருபர்கள் கூடுதலாகக் குடைந்து கேட்டுத்தான் ஆக வேண்டும். ஆனால் அந்த மூன்று சதவீதம் மக்கள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சொன்ன தீர்ப்பு என்பது போல நீ எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கருத்துக்கணிப்பில் பல நேரம் அந்தக் கட்சியின் பெயரே இருக்காது, ‘மற்றவர்கள்’ என்ற கட்டத்துக்குள் போய்விடும். ஆதரவு இல்லை என்று செய்தி போட மாட்டார்கள். செய்தி வராததால் ஆதரவு வளராது. அடுத்த கணிப்பிலும் அதே எண் வரும், அதையே காரணமாகக் காட்டுவார்கள்.

அமெரிக்காவில் நடந்ததைப் பார். 1992 அதிபர் தேர்தலில் ராஸ் பெரோ என்ற சுயேச்சை வேட்பாளரை இரண்டு பெரிய கட்சி வேட்பாளர்களோடும் விவாத மேடையில் ஏற்றினார்கள். பிரசாரத்தை நடுவில் விட்டுவிட்டுத் திரும்பி வந்தவர் அவர். விவாதங்களுக்கு முன்னால் கணிப்புகளில் ரொம்பப் பின்தங்கியிருந்தார். கடைசியில் கிட்டத்தட்ட 19 சதவீத ஓட்டு வாங்கினார். பெரும் பணக்காரர், சொந்தக் காசில் நேரம் வாங்கிப் பேசினார் என்பதும் உண்மைதான். ஆனாலும் மேடைக்கு அதில் பங்கில்லை என்று யாராலும் சொல்ல முடியாது. அப்படிப்பட்டவரை 1996இல் வெற்றி வாய்ப்பு இல்லை என்று சொல்லி விவாதத்திலிருந்து விலக்கிவிட்டார்கள். அந்தத் தேர்தலில் அவருக்குக் கிடைத்தது 8 சதவீதம் சொச்சம். 2000இலிருந்து கணிப்புகளில் சராசரியாக 15 சதவீதம் இருந்தால்தான் மேடை என்று விதியே வைத்தார்கள். அந்த விவாதங்களை நடத்திய ஆணையத்தை 1987இல் தொடங்கியவர்கள் இரண்டு பெரிய கட்சிகளின் தலைவர்கள்தான். போட்டியாளர்களே வாசலில் நின்று யாரை உள்ளே விடலாம் என்று முடிவு செய்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

வேறு வழிகளும் இருக்கின்றன. பிரான்சில் அதிபர் தேர்தலின் அதிகாரபூர்வ பிரசாரக் காலத்தில், அதாவது கடைசி இரண்டு வாரங்களில், எல்லா வேட்பாளர்களுக்கும் பேசும் நேரம் சமமாக இருந்தாக வேண்டும். 2017இல் 11 பேரும் ஒரே விவாதத்தில் நின்றார்கள். ஆனால் அங்கே வேட்பாளர் ஆகவே 500 மக்கள் பிரதிநிதிகளின் கையெழுத்து தேவை, அதையும் மறந்துவிடக் கூடாது. ஜெர்மனியில் கட்சியின் பலத்துக்கேற்ப நேரத்தைக் கூட்டிக் குறைக்கலாம். ஆனால் நாடாளுமன்றத்தில் தனிக் குழுவாக இருக்கும் கட்சிக்கு, மிகப் பெரிய கட்சிக்குக் கிடைப்பதில் பாதியாவது கிடைக்க வேண்டும். எனக்கு இந்த ஏற்பாடு பிடித்திருக்கிறது, சபைக்குள் இன்னும் நுழையாத கட்சிக்கு அந்தப் பாதி உறுதி இல்லை என்ற குறையோடு. இந்தியாவில் தூர்தர்ஷனும் வானொலியும் 1998 முதல் இலவச நேரம் தருகின்றன. அதுவும் அங்கீகாரம் பெற்ற கட்சிகளுக்குத்தான்.

நேரத்தை விட என்னை வருத்துவது வேறொன்று. என் தங்கை மகன் ஒரு சின்னக் கட்சிக்காக வேலை பார்க்கிறான். தேர்தல் அறிக்கை வெளியிட்ட அன்று பிரஸ் மீட் வைத்திருக்கிறார்கள். குடிநீருக்கு என்ன செய்யப் போகிறோம், செலவுக்குப் பணம் எங்கிருந்து வரும் என்று வேட்பாளர் கணக்கோடு விளக்கியிருக்கிறார். வந்திருந்த நிருபர்கள் கேட்டதெல்லாம் ஒரே கேள்வி: யாருடைய ஓட்டைப் பிரிப்பீர்கள்? மறுநாள் வந்த செய்தியிலும் அது மட்டும்தான். குடிநீர் பற்றி ஒரு வரி இல்லை. அந்தப் பெண் வேட்பாளர் அந்தத் திட்டத்துக்காக எவ்வளவு படித்தார், எத்தனை பேரைப் போய்ப் பார்த்தார் என்று அவன் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. இன்னொருவருடைய கணக்கில் கூட்டவோ கழிக்கவோ மட்டும் ஒரு கட்சியைப் பயன்படுத்தினால், அதற்கு எத்தனை நிமிடம் கொடுத்தும் என்ன பயன்? ஒரே ஒரு பேட்டி போதும், சேகர். பெரிய கட்சியிடம் கேட்பது போல, இந்தத் திட்டம் நடக்குமா, பணம் போதுமா என்று அவர்களிடமும் கறாராகக் கேட்கட்டும். பதில் சொல்லத் தெரியாவிட்டால் அதையும் ஜனங்கள் பார்க்கட்டும்.

நீ இத்தனை வருஷம் செய்திப் பிரிவில் இருந்தவன். தேர்தல் சமயத்தில் எந்தக் கட்சிக்கு எவ்வளவு இடம் என்பதை யார் முடிவு செய்வார்கள்? பேசி வைத்து ஒதுக்குவீர்களா, இல்லை பழக்கத்தில் தானாக நடக்குமா? அடுத்த கடிதத்தில் ஒளிக்காமல் எழுது. தங்கை மகனுக்கும் படிக்கக் கொடுக்கிறேன், அவனுக்கு உபயோகப்படும்.

அப்புறம், முட்டிக்கு டாக்டர் சொன்ன பயிற்சியை விட்டுவிடாதே. வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
மூர்த்தி