மாரிக்கு முன் கூரை வேண்டும்: ஊர்தி அருங்காட்சியகத்துக்கான நன்கொடை வேண்டுகோள்

முறிகண்டிப் பிள்ளையார் துணை

அன்புடையீர்,

மாங்குளத்தில் எழும் காட்டுப்பாதை ஊர்திகள் அருங்காட்சியகத்துக்குத் தூண் நட்டாயிற்று, கூரை இல்லை. இரண்டு லாண்ட் ரோவர், ஒரு வில்லிஸ் ஜீப், ஒரு மெசி உழவு இயந்திரம், இரண்டு லாண்ட்மாஸ்ரர் (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) எல்லாம் தறப்பாளின் கீழ் நிற்கின்றன. புரட்டாசி முடிவதற்குள் தகரம் ஏறவேண்டும்.

தறப்பாள் போதாதா என்கிறார்கள். போதாது. லாண்ட் ரோவர் 1948இல் வெளிவந்தபோது பிரித்தானியாவில் உருக்குத் தட்டுப்பாடு. அதனால் உடலை அலுமினியக் கலவையில் செய்தார்கள். அதில் கறள் ஏறாது. கீழே தாங்கும் சேசியோ உருக்குப் பெட்டி. வயற்சேறு உள்ளே புகுந்து ஈரத்தைப் பிடித்துவைக்க, கறள் உள்ளிருந்து வெளியே தின்னும். மேலே பெயின்ற் மினுங்கும், சுத்தியலால் தட்டினால் ஓட்டை விழும். பின் குறுக்குச்சட்டம்தான் பெரும்பாலும் முதலில் போகும். அலுமினியம் உருக்கைத் தொடும் இடங்கள் வெள்ளைப் பொடியாக உதிரும். பழுதை வெட்டி 2 மி.மீ. தகடு வைத்து வெல்டிங்கில் ஒட்டி, உள்ளே மெழுகெண்ணெய் அடிக்கவேண்டும். வெட்டமுன் சேசிக்குச் சரியாக முட்டுக்கொடுக்காவிட்டால் சட்டம் முறுகிவிடும், பிறகு கதவு பூட்டாது. இந்த வேலையை மழைக்குள் செய்ய முடியாது.

எங்கள் பெரியவர்கள் இந்த வண்டிகளை ஓட்டிய பாதைகளில் தார் இல்லை, சில இடங்களில் பாதையே இல்லை. முதிரைக் குற்றி, நெல்மூட்டை, பிள்ளைப்பேற்றுக்குத் துடித்த தாய்மார் என்று எல்லாம் ஏறிய வண்டிகள். 1990களில் வன்னிக்கு எரிபொருள் வராத பொருளாதாரத் தடையில் பெற்றோல் எஞ்சினை மண்ணெண்ணெயில் ஓடவைத்தது வன்னியின் கை. காபரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் பண்ணி, சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். அதற்கு எஞ்சின் கொடுத்த விலையும் பெரிது. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையத்தைத் தாண்டி ஒயிலோடு கலக்கும். அளவுகோலில் ஒயில் கூடியதுபோலத் தெரியும். உண்மையில் அது நீர்த்திருக்கும், பெயாரிங் தேயும். அப்படித் தேய்ந்த எஞ்சின் ஒன்றைத் திருத்தாமல், பிரித்தபடியே கண்ணாடிக்குள் வைக்கப்போகிறோம்.

கணக்கு இது. கூரை ரூபா 14,80,000. இரண்டு சேசி வேலை ரூபா 6,20,000. நிலமும் வடிகாலும் ரூபா 5,50,000. மொத்தம் ரூபா 26,50,000. சேர்ந்தது ரூபா 17,90,000. குறைவது ரூபா 8,60,000.

சேர்ந்த காசு சும்மா வரவில்லை. மெசியை விற்க ஆள் வந்தும் விற்காமல் தந்த குடும்பத்துக்கும், சீட்டுக்காசை அப்படியே தந்த மாதர் சங்கத்துக்கும், கூலி வாங்காமல் தூண் ஒட்டிய தம்பிமாருக்கும், ஒவ்வொரு மாதமும் பிந்தாமல் அனுப்பும் சுவிஸ், கனடா உறவுகளுக்கும், உண்டியலை உடைத்துக் கொண்டுவந்த பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் கைகூப்புகிறோம். வற்றாப்பளை அம்மன் உங்களைக் காக்கட்டும்.

வாக்குத் தந்து இன்னும் தராதவர்கள் 14 பேர். பெயர் வாசிக்கமாட்டோம், பட்டியல் இருக்கிறது. ஜேர்மனியில் காகனவ் நகரில் 2006 முதல் யூனிமொக் என்ற ஒரு வண்டிக்கென்றே அருங்காட்சியகம் இருக்கிறது. இரண்டு உருளைக்கிழங்கு வரிசைக்குப் பொருந்தும்படி 1270 மி.மீ. சில்லு இடைவெளியோடு பிறந்த வண்டி அது. தங்கள் கமக்காரரின் வண்டியை அவர்கள் அப்படி வைத்திருக்கிறார்கள். அங்கே போய்ப் படமெடுத்து அனுப்பும் பிள்ளைகளே, தகப்பன் ஓடிய வண்டி இங்கே நனையப் போகிறது.

ஒரு தகரத்தின் காசு தந்தாலும் பற்றுச்சீட்டு உண்டு. செலவுக்கணக்கு மாதமுடிவில் அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும். காசு இல்லாதவர்கள் வளவைப் பாருங்கள். 16 அங்குல ரிம், முன் அச்சில் சில்லுத் திரும்பும் குரோம் உருண்டை, பழைய காபரேற்றர் எது கிடந்தாலும் இரும்புக்காரருக்கு நிறுத்துக் கொடுக்கமுன் எங்களுக்குச் சொல்லுங்கள். உருண்டையில் குழி விழுந்திருந்தால் எங்களுக்குப் பயனில்லை, போட்ட சீல் சீக்கிரமே கிழிந்து ஒயில் ஒழுகும்.

இப்படிக்கு,
அருங்காட்சியகக் கட்டடக் குழு